குளிர்காய்கிறவன்

ஹீட்டர் பொருத்துகிறவன் நான்.
தண்டர் பே ஊரில்
நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை
அடுத்தவர் வீட்டுக் குளிர்தான் எனக்குச் சம்பளம்.

மெர்யா லெஹ்டொ கூப்பிட்டிருந்தாள்.
கராஜுக்கு ஒன்று வேண்டும்,
கரண்ட் பில் கையைக் கடிக்கக் கூடாது.

டேப்போடு போனேன்.
இருபத்து நாலுக்கு இருபத்தாறு அடி.
கூரைக்கடியில் பஞ்சு கிடையாது.
பெரிய கதவின் கீழே
சுண்டுவிரல் நுழைகிற சந்து.
அதன் வழியே பனி
யாரோ உப்புத் தூவிப்போனது மாதிரி
முக்கால் அடி உள்ளே வந்திருந்தது.

வலப்பக்கம் கவிழ்த்துவைத்த கனூ,
பாதி முடிந்தது.
சீடர் கீற்றுகளை ஒட்டும் பசைக்குப்
பதினெட்டு டிகிரியாவது வேண்டுமாம்.
வெளியே மைனஸ் முப்பத்து நாலு.
குப்பியைச் சாய்த்துக் காட்டினாள்,
பசை அசையவே இல்லை.

தரை நடுவே ஒரு மஞ்சள் கோடு,
பெயின்ட் புதுசு.
கோட்டுக்கு அந்தப் பக்கம்
கிளட்ச் கழற்றிய ஸ்னோமொபைல்,
இவ்வளவு குளிரிலும் ஓடிக்கொண்டிருந்த
ஒரு பீர் ஃபிரிட்ஜ்.

"அது டால்ட்டன் பக்கம்" என்றாள்.
"வீடு விற்கும்வரை
அவனுக்கு மாடி, எனக்குக் கீழ்த்தளம்."

நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன்.
தட்டுவதற்கு ஒன்றுமில்லை,
சும்மா தட்டினேன்.

டால்ட்டன் வந்தான், வீட்டுச் செருப்போடு.
புரொப்பேன் வாங்கலாமே, ஐந்து நிமிடத்தில் சூடாகும்.
புரொப்பேன் எரியும்போதே ஈரத்தைக் கக்கும், என் பலகை உப்பிவிடும்.
அப்படியானால் விறகடுப்பு.
மரத்தூள் பறக்கிற இடத்திலா?
இன்ஷூரன்ஸ்காரன் வாசலோடு திரும்பிவிடுவான்.
வெளிக்காற்றிலிருந்தே சூட்டைப் பிழிந்தெடுக்கும் பம்ப்?
அதற்கு நான் பதில் சொன்னேன்:
அக்டோபரில் ஒன்றுக்கு மூன்றாகத் தரும்,
மைனஸ் இருபத்தைந்து தாண்டினால்
அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்.

பிறகு பேச்சு ஹீட்டரில் இல்லை.
யார் எதற்கு எப்போது பணம் கட்டினார்கள்,
எந்தக் கோடையில் யார் கூரை மாற்றவில்லை.

இருவர் சண்டையில் குளிர்காய்வது என்பார்கள்.
என்னிடம் அந்தச் சொல்லுக்கு
ரசீதுப் புத்தகமே இருக்கிறது.
கராஜ் முழுவதையும் சூடாக்கும் பெரிய மெஷின்,
அதற்குக் கமிஷனும் பெரிசு.
விலை நாக்குநுனிவரை வந்துவிட்டது.

ஆனால் அந்தச் சந்தைப் பார்த்தேன்.
ஓட்டைப் பானையில் நீர் இறைக்க
நான் ஏன் பெரிய வாளி விற்க வேண்டும்?

"அந்த மஞ்சள் கோட்டின்மேல்
ஒரு சுவர் எழுப்புங்கள்" என்றேன்.
"பஞ்சு அடைத்த சுவர்.
ஸ்னோமொபைலுக்குக் குளிராது.
பெரிய கதவுக்குக் கீழே ரப்பர்.
கனூவுக்கு நேர்மேலே இரண்டு கதிர்ப்பலகை.
அது காற்றைச் சூடாக்காது,
பலகையையும் கையையும்தான் சூடாக்கும்.
பாதி இடம். பாதிக்கும் குறைந்த பில்."

சுவர் என்ற சொல்
கராஜில் கொஞ்ச நேரம் நின்றது.
ஃபிரிட்ஜ் ஒருமுறை உறுமி அடங்கியது.

"நடுவில் கதவு உண்டா?" டால்ட்டன் கேட்டான்.
சின்னதாக ஒன்று வைக்கலாம்.
"தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?" அவள்.
அது என் எஸ்டிமேட்டில் வராது என்றேன்.

ஜனவரிக் கடைசியில்
சரிபார்க்கப் போனேன். மைனஸ் நாற்பத்தொன்று.
உள்ளே பத்தொன்பது.
கனூ, முடிந்து, தேன்நிறத்தில்.
பில்லை எடுத்துக் காட்டினாள்,
பள்ளிக்கூட மார்க் காட்டுவதுபோல.

கனூவுக்கு அடியில்,
கதிர்ப்பலகையின் சூடு எட்டுகிற இடத்தில்,
பழைய டவல் சுற்றி
ஒரு டிரக் பேட்டரி.
பக்கத்தில் ஆண் பூட்ஸ் ஒரு ஜோடி,
பனி உருகி ஈரவட்டம்.
நான் கேட்கவில்லை.
அவளும் அங்கே பார்க்காமல்
தெர்மோஸ்டாட்டைப் பற்றியே பேசினாள்.

கிளம்பும்போது பழக்கதோஷம்,
அந்தச் சின்னக் கதவின் இடுக்கில்
புறங்கையை வைத்துப் பார்த்தேன்.
சூடு, மெலிதாக,
அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ரப்பர் பட்டை வண்டியில்தான் இருந்தது.
இரண்டு நிமிட வேலை.
கையுறையை மாட்டிக்கொண்டேன்.